இறவைப் பம்பு மோட்டாருக்கு அளவறிந்து மின்சாரம் ஊட்டும் முறை

கிணற்றை நம்பி வெள்ளாமை செய்யும் குடியானவருக்கு, கிணற்றில் தண்ணீர் இருந்தும் அதை மேலே கொண்டுவர வழியில்லாமற் போவதைப் போன்ற சங்கடம் வேறில்லை. பங்குனி சித்திரை மாதங்களில், வாழை குலை தள்ளி நிற்கும் தருணத்தில், மோட்டார் புகைந்து நின்றுவிடுகின்றது. அதைக் கழற்றி, வண்டியேற்றி, டவுனுக்குக் கொண்டுபோய், காயில் கட்டி, மறுபடியும் பொருத்துவதற்குள் பல தினங்கள் கழிந்துவிடும். காயில் கட்டும் கூலி ஒரு நஷ்டம். அத்தனை தினங்கள் தண்ணீர் காணாத வாழையின் குலை சிறுத்துப் போவது அதனினும் பெரிய நஷ்டம். இவ்விதம் மோட்டார் எரிந்து போவதற்குக் குடியானவர்கள் பொதுவாக மோட்டாரையே குறை கூறுவார்கள். ஆனால் பெரும்பாலும் குறை மோட்டாரில் இல்லை. அளவு தெரியாமல் அதற்குள் செல்லும் மின்னோட்டத்திலேயே இருக்கின்றது. மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தை வேண்டிய அளவில் ஊட்டக்கூடிய பெட்டிகள் இக்காலத்தில் கடைகளில் கிடைக்கின்றன. அவை எவ்விதம் வேலை செய்கின்றன, எந்தக் கிணற்றுக்கு அவற்றால் பிரயோஜனமுண்டு, எந்தக் கிணற்றுக்கு அவை வீண் செலவு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வரலாறு

கவலையும் ஏற்றமும் கொண்டு நீர் இறைத்து வந்த கோயம்புத்தூர்ப் பகுதியில், நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ம் வருஷத்தில் வேலை செய்யத் தொடங்கிய பின்னர், கிணறுகளுக்கு மின்சாரம் வரலாயிற்று. 1937-ம் வருஷத்தில் கோயம்புத்தூரிலேயே மின்சார மோட்டார் செய்யப்பட்டது. அன்று முதல் இன்றுவரை பம்புகளுக்கு மிகுதியும் உபயோகமாகி வருவது "இண்டக்ஷன் மோட்டார்" எனப்படும் ஒரே ஜாதி மோட்டாரேயாகும். நிக்கோலா டெஸ்லா என்பவர் 1888-ம் வருஷத்தில் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். தேயக்கூடிய கரித்துண்டுகள் இதில் இல்லை. சுழலும் பாகத்துக்குக் கம்பி இணைப்பும் இல்லை. ஆகையால் சேற்றிலும் வெயிலிலும் ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீருக்குள்ளும் இது பழுதின்றி உழைக்கின்றது.

மோட்டார் சுழலும் விதம்

மோட்டாரின் வெளிக்கூட்டில் மூன்று பேஸ்களுக்கும் உரிய காயில்கள் இரும்புத் தகடுகளின் காடிகளில் அமைந்துள்ளன. மூன்று பேஸ்களிலும் மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதால், கூட்டுக்குள்ளே ஒரு காந்தம் சுழல்வது போன்ற நிலைமை உண்டாகின்றது. வினாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் மின்சாரத்தை 50 ஹெர்ட்ஸ் மின்சாரமென்பர். இரண்டு துருவமுள்ள மோட்டாரில் இக்காந்தம் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும். நான்கு துருவமுள்ளதில் 1,500 சுற்று சுற்றும்.

உள்ளே இருக்கும் ரோட்டரில் செம்பினாலோ அலுமினியத்தினாலோ ஆன கம்பிகள் கூண்டுபோல் அமைந்திருக்கின்றன. சுழலும் காந்தம் இக்கம்பிகளைக் கடந்து செல்லும்போது அவற்றில் தானாகவே மின்னோட்டம் உண்டாகி, ரோட்டர் அந்தக் காந்தத்தைப் பின்தொடர்ந்து சுழல்கின்றது. ஆனால் காந்தத்தின் வேகத்தை அது ஒருபோதும் எட்டுவதில்லை. எட்டிவிட்டால் கம்பிகளைக் காந்தம் கடக்காது, மின்னோட்டமும் உண்டாகாது, இழுப்பும் இராது. ஆதலால் 3,000 சுற்றுக் காந்தத்தின் பின்னே ரோட்டர் சுமார் 2,850 சுற்று சுற்றுகின்றது. இந்த வித்தியாசத்திற்கு நழுவல் என்று பெயர். பாரம் ஏற ஏற நழுவல் அதிகமாகும். நழுவல் அதிகமாக, இழுக்கும் மின்னோட்டமும் அதிகமாகும்.

இருவகை மின்னோட்டம்

மோட்டாருக்குள் செல்லும் மின்னோட்டம் ஒன்றாகத் தோன்றினாலும் அது இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒரு பகுதி இரும்பைக் காந்தமாக்குவதற்குச் செலவாகின்றது. இதைக் காந்த ஓட்டம் எனலாம். மற்றொரு பகுதி ரோட்டரை இழுத்துச் சுழற்றுவதற்குச் செலவாகின்றது. இதை வேலை ஓட்டம் எனலாம்.

கிணற்றடியிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலை உதாரணமாகக் கொள்ளலாம். வயல் எவ்வளவு சிறியதாயினும், முதலில் வாய்க்கால் நனைந்து நிரம்பினாலன்றித் தண்ணீர் மடைக்கு வந்து சேராது. வாய்க்காலை நிரப்பும் தண்ணீர் பயிருக்குச் சேர்வதில்லை. எனினும் அதில்லாமல் பாய்ச்சலே இல்லை. காந்த ஓட்டமும் அத்தகையதே. மோட்டார் பாரமின்றிச் சுழலும்போதுகூட, முழுப் பாரத்தில் இழுக்கும் ஆம்பியரில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை இதற்குச் செலவாவதுண்டு.

இவ்விரண்டையும் சாதாரணமாகக் கூட்டக்கூடாது. ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைப்போல அவை நிற்கின்றன. மொத்த ஓட்டம் அதன் சாய்ந்த பக்கமாகும். 5 குதிரை சக்தியுள்ள மோட்டார் ஒன்றில் காந்த ஓட்டம் 4 ஆம்பியர், வேலை ஓட்டம் 6 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், நாலின் வர்க்கம் 16, ஆறின் வர்க்கம் 36, ஆக 52. அதன் வர்க்கமூலம் சுமார் 7.2. டாங் டெஸ்டர் வைத்துப் பார்க்கும் மிஸ்திரிக்கு இந்த 7.2 ஆம்பியர் மாத்திரமே தென்படும்.

மோட்டார் சூடாவது இந்த மொத்த ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் இரண்டு மடங்கானால் காயிலின் சூடு நான்கு மடங்காகும். காயிலின் மேலுள்ள காப்பு, தனக்குரிய சூட்டின் எல்லையை 10 டிகிரி சென்டிகிரேடு தாண்டினால், அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மோட்டார்த் தொழிலில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. ஆகவே மோட்டார் ஒரே நாளில் எரிவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது பல மாதங்களாகக் கொஞ்சங் கொஞ்சமாக ஆயுளை இழந்து, ஒரு நாள் வெளிப்படையாக எரிகின்றது.

மோட்டாருக்கு வரும் மூன்று ஆபத்துகள்

முதலாவது, துவக்கும் வேளை. ரோட்டர் அசையாமல் நிற்கும்போது காந்தம் மாத்திரம் 3,000 சுற்றில் அதைக் கடந்து செல்கின்றது. அதாவது நழுவல் முழு அளவில் இருக்கின்றது. அச்சமயம் மோட்டார் தன் வழக்கமான ஓட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கின்றது. மேற்கண்ட மோட்டார் 7.2 ஆம்பியருக்குப் பதிலாக 43 ஆம்பியர் இழுத்தால், அது ஆறு மடங்கு. சூடு 36 மடங்கு. சில வினாடிகளில் மோட்டார் வேகம் பிடித்துவிடுவதால் தீங்கில்லை. ஆனால் மின்சாரம் விட்டு விட்டு வரும்போது, ஆட்டோ ஸ்டார்ட்டர் அடிக்கடி மோட்டாரைத் துவக்கினால், ஒவ்வொரு முறையும் இச்சூடு சேர்ந்துகொண்டே போகும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இந்த ஓட்டத்தை மூன்றிலொரு பங்காகக் குறைக்கின்றது. ஆனால் துவக்கும் பலமும் அதனுடன் மூன்றிலொரு பங்காகக் குறைந்துவிடுகின்றது.

இரண்டாவது, குறைந்த வோல்டேஜ். எல்லாக் கிணறுகளிலும் ஒரே நேரத்தில் மோட்டார் ஓடும்போது, டிரான்ஸ்பார்மருக்குத் தூரத்திலுள்ள கிணற்றில் 415 வோல்டுக்குப் பதில் 340 வோல்ட் மாத்திரம் வருவதுண்டு. வோல்டேஜ் குறைந்தால் ஓட்டமும் குறையும், மோட்டாருக்கு நல்லதுதானே என்று எண்ணுவது தவறு. காந்தம் பலவீனமாவதால், அதே தண்ணீரை இறைக்க வேலை ஓட்டம் 6 ஆம்பியரிலிருந்து ஏறக்குறைய 7.3 ஆம்பியராக உயர்கின்றது. ரோட்டரில் உண்டாகும் சூடு சுமார் ஒன்றரை மடங்காகின்றது. மோட்டார் தாங்கக்கூடிய உச்ச பாரமோ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்குகின்றது.

மூன்றாவது, ஒரு பேஸ் அறுந்து போதல். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மற்ற இரு பேஸ்களைக் கொண்டே தொடர்ந்து ஓட முயலும். அவற்றில் ஓட்டம் ஒன்றேமுக்கால் மடங்குக்குக் குறையாமல் ஏறும். ரிலே வேலை செய்யாவிட்டால் காயில் தப்புவது அரிது.

இம்மூன்று ஆபத்துகளிலும் பொதுவாக உள்ளது ஒன்றே. மோட்டார் தான் இழுக்கும் ஓட்டத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும் சக்தியற்றது. மிஞ்சினால் அறுந்து போகும் பியூஸையும், மிஞ்சினால் நின்றுபோகும் ரிலேயையும் குடியானவர்கள் அறிவார்கள். ஆனால் மிஞ்சவிடாமலே அளந்து ஊட்டும் ஏற்பாடு முற்காலத்தில் இல்லை.

அளந்து ஊட்டும் பெட்டி

இவ்வேற்பாட்டுக்குக் கடைக்காரர்கள் "டிரைவ்" என்றும் "வி.எப்.டி." என்றும் பெயர் சொல்லுகின்றார்கள். சூரிய ஒளிப் பம்புகளில் இதே கருவி "கண்ட்ரோலர்" எனப்படும். பெரிய ஓட்டங்களைத் தாங்கும் தைரிஸ்டர் என்னும் சாதனம் 1957-ம் வருஷத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்டதும், பின்னர் 1980-களில் ஐ.ஜி.பி.டி. என்னும் மேலான சாதனம் விற்பனைக்கு வந்ததும் இதற்கு வழி செய்தன.

பெட்டிக்குள் மூன்று பாகங்கள் உண்டு. முதற்பாகம், லைனிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்குகின்றது. இரண்டாம் பாகமாகிய கெபாசிட்டர்கள், ஒரு நீர்த்தொட்டியைப்போல, அந்த மின்சாரத்தை ஏற்ற இறக்கமின்றித் தேக்கி வைக்கின்றன. 415 வோல்ட் லைனில் இத்தொட்டியின் வோல்டேஜ் சுமார் 587 ஆகும். மூன்றாம் பாகத்தில் ஆறு ஐ.ஜி.பி.டி. ஸ்விட்சுகள் உள்ளன. இவை வினாடிக்குச் சில ஆயிரம் தடவை திறந்து மூடி, டி.சி. மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகின்றன. அதிக நேரம் திறந்திருந்தால் அதிக வோல்டேஜும், குறைந்த நேரம் திறந்திருந்தால் குறைந்த வோல்டேஜும் கிடைக்கும். இவ்விதம் வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் விரும்பியபடி மாற்றி, மோட்டாருக்கு மூன்று பேஸ் மின்சாரத்தைப் புதிதாக அமைத்துக் கொடுக்கலாம்.

இத்துடன், மோட்டாருக்குச் செல்லும் ஓட்டத்தைப் பெட்டி இடைவிடாமல் அளக்கின்றது. செல்லவேண்டிய அளவுக்கும் செல்லும் அளவுக்கும் வித்தியாசம் கண்டவுடனே, ஸ்விட்சுகளின் நேரத்தை மாற்றிச் சரி செய்கின்றது. மடைக்காரர் நீரின் மட்டத்தைப் பார்த்து மண்வெட்டியால் மடையைக் கூட்டிக் குறைப்பதைப் போன்றதே இது. ஆனால் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடைபெறுகின்றது.

வோல்டும் ஹெர்ட்ஸும்

வேகத்தைக் குறைக்க ஹெர்ட்ஸை மாத்திரம் குறைத்தால் போதாது. வோல்டேஜ் அப்படியே இருக்க ஹெர்ட்ஸ் குறைந்தால், இரும்பு தாங்கமுடியாத அளவுக்குக் காந்தமேறிக் காந்த ஓட்டம் வெகுவாக அதிகரிக்கும். ஆகையால் இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். ஆகவே 40 ஹெர்ட்ஸில் 332 வோல்டும், 25 ஹெர்ட்ஸில் 207½ வோல்டும் கொடுத்தால் காந்தத்தின் பலம் ஒரே அளவில் நிற்கும்.

மேலே கூறிய முதலிரண்டு ஆபத்துகளுக்கும் பரிகாரம் இதிலேயே உள்ளது. துவக்கும்போது சில ஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால், காந்தம் ரோட்டரை விட்டு வெகுதூரம் முந்திப் போவதில்லை. நழுவல் சிறிதாகவே இருப்பதால் ஆறு மடங்கு ஓட்டமும் இல்லை. லைனில் 340 வோல்ட் மாத்திரம் வரும்போது, பெட்டியால் அதை 415 ஆக்க இயலாது. ஆனால் வேகத்தை 41 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து விகிதத்தைக் காப்பாற்றும்படி அமைத்துக்கொள்ளலாம். தண்ணீர் சற்றுக் குறையும், மோட்டார் பிழைக்கும். மூன்றாவது ஆபத்தாகிய பேஸ் அறுந்து போதலைப் பெட்டி கண்டறிந்து மோட்டாரை நிறுத்திவிடும். இரண்டு பேஸ் மாத்திரம் வரும் நேரத்தில் கெபாசிட்டர் வைத்து மோட்டாரை ஓட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவ்வழக்கத்தை இப்பெட்டியுடன் கையாளலாகாது.

மிகக் குறைந்த ஓட்டத்தில் வேலை வாங்குதல்

விகிதத்தைக் காப்பாற்றுவதோடு இப்பெட்டிகளின் திறமை முடிந்துவிடுவதில்லை. ஜெர்மனியில் ஹாஸே, பிளாஷ்கே என்னும் இரு பொறியியலறிஞர்கள் 1960-களின் முடிவிலும் 1970-களின் துவக்கத்திலும் செய்த வேலையின் பயனாக, மொத்த ஓட்டத்தைக் காந்த ஓட்டம், வேலை ஓட்டம் என்று கணக்கினால் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் முறை ஏற்பட்டது. இதற்கு வெக்டர் முறை என்று பெயர்.

மோட்டாரின் சுழற்றும் பலம், காந்த ஓட்டத்தையும் வேலை ஓட்டத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. மேற்கண்ட மோட்டாரில் முழுப் பாரத்தில் 4 பெருக்கல் 6, ஆக 24. இனி, பாரம் குறைந்த வேளையில் என்ன நிகழ்கின்றது என்பதை அடியிற் கண்ட கணக்கினால் அறியலாம்.

பாதிப் பாரத்தில் வேண்டிய தொகை 12. காந்த ஓட்டத்தை 4 ஆம்பியரிலேயே வைத்தால் வேலை ஓட்டம் 3. மொத்தம் 5 ஆம்பியர். சூட்டின் கணக்கு 25. இரண்டையும் சமமாக, அதாவது 3.46 ஆம்பியராக அமைத்தால் மொத்தம் 4.9 ஆம்பியர், சூட்டின் கணக்கு 24. லாபம் அற்பமே.

கால் பாரத்தில் வேண்டிய தொகை 6. காந்த ஓட்டம் 4 ஆகவே இருந்தால் வேலை ஓட்டம் 1½, மொத்தம் 4.27 ஆம்பியர், சூட்டின் கணக்கு 18¼. இரண்டையும் 2.45 ஆம்பியராக அமைத்தால் மொத்தம் 3.46 ஆம்பியர், சூட்டின் கணக்கு 12. இங்கே காயிலின் நஷ்டத்தில் மூன்றிலொரு பங்கு மிச்சமாகின்றது.

அதாவது, இரு ஓட்டங்களும் சமமாக இருக்கும்போது மொத்த ஓட்டம் மிகக் குறைவாகின்றது. இரும்பிலும் ரோட்டரிலும் உண்டாகும் நஷ்டங்களையும் சேர்த்துக்கொண்டால் இந்தச் சமநிலை சற்று இப்புறமோ அப்புறமோ நகரும்; கருத்து மாறாது. சிறிய பாத்திக்குப் பெரிய வாய்க்காலை நிரப்பாமல், சிறு கால்வாய் கீறிப் பாய்ச்சுவதைப் போன்றது இது. முழுப் பாரத்திலோ, காந்த ஓட்டத்தை 4-க்கு மேல் ஏற்றினால் இரும்பு தெவிட்டிவிடுமாதலால், இந்த யுக்திக்கு இடமில்லை.

காந்தத்தைக் குறைத்து வைத்த மோட்டார், திடீரென்று பாரம் ஏறினால் தடுமாறும். கரும்பாலைக்கும் நெல் அரவைக்கும் இது குறைபாடே. ஆனால் பம்பில் பாரம் வேகத்தைப் பொறுத்தே ஏறி இறங்குமாதலால், பம்பு மோட்டாருக்கு இம்முறை மிகவும் ஏற்றது. அநேக டிரைவுகளில் பம்புக்கென்றே வோல்டேஜை இன்னும் அதிகமாகக் குறைக்கும் அமைப்பு ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. அதைத் தேர்ந்தெடுப்பதே சாதாரணக் குடியானவருக்குப் போதுமானது. வெக்டர் முறைக்கு மோட்டாரின் உள்ளளவுகள் சரியாகத் தெரியவேண்டும். 50 டிகிரி சூடேறினால் செம்புக் கம்பியின் தடை சுமார் 20 சதவீதம் கூடுமாதலால், அவ்வளவுகளும் மாறிக்கொண்டே இருக்கும்.

எந்தக் கிணற்றுக்குப் பிரயோஜனம்

பம்பின் வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் அதே விகிதத்திலும், எழுப்பும் உயரம் வேகத்தின் வர்க்க விகிதத்திலும், வேண்டிய சக்தி வேகத்தின் கன விகிதத்திலும் குறையும் என்று சொல்லுவார்கள். 40 ஹெர்ட்ஸில் தண்ணீர் 80 சதவீதம், சக்தி 51 சதவீதம் என்பது கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் குழாயின் உராய்வை மாத்திரம் வெல்லவேண்டிய இடத்திலேயே இக்கணக்கு முழுமையாகப் பொருந்தும். ஆழக் கிணற்றில் பொருந்தாது.

50 ஹெர்ட்ஸில் 100 அடி உயரத்துக்குமேல் தண்ணீரைத் தள்ள இயலாத பம்பு ஒன்று உண்டென்று வைத்துக்கொள்ளலாம். 45 ஹெர்ட்ஸில் அதன் எல்லை 81 அடி. 40 ஹெர்ட்ஸில் 64 அடி. தண்ணீர் விழும் வாய் கிணற்று நீர்மட்டத்துக்கு 64 அடி உயரத்தில் இருந்தால், 40 ஹெர்ட்ஸில் மோட்டார் சுழலும்; ஒரு துளித் தண்ணீரும் வாராது. பம்பினுள் நிற்கும் தண்ணீர் சூடாவது ஒன்றே பலன். ஆகையால் டிரைவ் வைப்பவர் கோடையில் நீர்மட்டம் மிகத் தாழும் காலத்தில், எத்தனை ஹெர்ட்ஸில் தண்ணீர் விழத் தொடங்குகின்றது என்பதைக் கண்டறிந்து, அதற்குச் சற்று மேலான வேகத்தையே அடிமட்ட எல்லையாக அமைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதுமிடத்து டிரைவினால் நன்மையடையக்கூடியவை வருமாறு: சொட்டு நீர்ப் பாசனத்தில், ஒரு முறை ஒரு ஏக்கரும் மற்றொரு முறை கால் ஏக்கருமாகப் பிரித்துப் பாய்ச்சும் தோட்டங்கள்; ஊற்றுக் குறைந்து, பம்பு முழு வேகத்தில் ஓடினால் சற்று நேரத்தில் வறண்டு, நின்று நின்று ஓடவேண்டியிருக்கும் கிணறுகள்; அடிக்கடி மின்சாரம் நின்று வரும் லைன்கள்; சூரிய ஒளிப் பம்புகள். இவற்றுள் கடைசியில் கூறியதற்கு இப்பெட்டி இன்றியமையாதது. காலையிலும் மாலையிலும் வெயில் குறைந்தபோது, பலகையிலிருந்து கிடைக்கும் சக்திக்கேற்ப அது வேகத்தைத் தாழ்த்தி, இயன்ற தண்ணீரை இறைக்கின்றது. முழு வேகத்தையே வற்புறுத்தினால் மோட்டார் துவங்கவே மாட்டாது.

இதற்கு மாறாக, ஊற்று நிறைந்த கிணற்றில், தக்க அளவுள்ள பம்பு, தினமும் முழு வேகத்தில் ஒரே வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுமாயின், டிரைவினால் மின்சாரச் சிக்கனம் ஒன்றும் ஏற்படாது. பெட்டி தானே 100-க்கு 2 முதல் 4 பங்கு மின்சாரத்தைச் சூடாக்கிவிடும். அங்கே வேண்டுவது நல்ல ரிலேயும் நல்ல ஸ்டார்ட்டருமே. 5 குதிரை சக்தி போதுமான இடத்தில் 10 குதிரை சக்தி மோட்டாரை வைத்துவிட்டு, டிரைவ் வைத்து அதைச் சரிசெய்ய முயல்வதும் சிக்கனமன்று.

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்குப் பெரும்பாலும் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுவதால், மிச்சமாகும் யூனிட் குடியானவரின் மடியில் பணமாக விழுவதில்லை. ஆனால் காயில் கட்டும் கூலியும், தண்ணீரின்றி வாடிய பயிரின் நஷ்டமும் அவருடைய மடியிலிருந்தே போகின்றன. டிரைவின் விலையை இவற்றோடு ஒப்பிட்டே முடிவு செய்யவேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. மோட்டாரின் தகட்டில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், சுற்று ஆகியவற்றை அப்படியே டிரைவில் பதிக்க வேண்டும். பலமுறை காயில் கட்டிய மோட்டாரில் தகட்டின் கணக்கை நம்பலாகாது. டாங் டெஸ்டரால் அளந்து, காயில் கட்டியவரிடம் கலந்து கொள்ள வேண்டும்.

2. முன்பு மோட்டாரோடு இணைத்திருந்த கெபாசிட்டரைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கெபாசிட்டர் இருந்தால் டிரைவ் பழுதாகும்.

3. ஆழ்துளைக் கிணற்றுக்கு நீண்ட கேபிள் போகுமிடத்தில், நறுக்கிய மின்சாரம் கேபிளின் முனையில் எதிரலை எழுப்பி, மோட்டாரின் வாயில் இரண்டு மடங்குவரை வோல்டேஜை உயர்த்தக்கூடும். இதனால் காப்பு கெடும். டிரைவின் வெளிவாயில் அதற்குரிய பில்டர் வைப்பது அவசியம்.

4. நீர்மூழ்கி மோட்டாரை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஓட்டலாகாது. அதன் அடிப் பேரிங்குக்கு நீர்ப் படலம் போதாமற்போகும். துவக்கும்போதும் நிறுத்தும்போதும் இவ்வெல்லையை விரைவில் கடக்கும்படி அமைக்க வேண்டும். தரையிலுள்ள மோட்டாரிலும், வேகம் குறைந்தால் அதன் விசிறியின் காற்றும் குறையும் என்பதை மறக்கலாகாது.

5. பெட்டியை நிழலிலும் காற்றோட்டத்திலும் வைக்க வேண்டும். எறும்பும் பல்லியும் புகாதபடி கேபிள் துளைகளை அடைக்க வேண்டும். எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும்.

6. மெயின் ஸ்விட்சை நிறுத்திய பின்னும் பெட்டிக்குள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் சில நிமிஷங்கள் தங்கியிருக்கும். பெட்டியின்மேல் எழுதியுள்ள நேரம் கழியும்வரை மூடியைத் திறக்கலாகாது. பழக்கமில்லாதவர் எப்போதுமே திறக்கலாகாது.

முடிவுரை

கவலை ஓட்டிய காலத்தில், நல்ல குடியானவர் மாட்டை எடுத்தவுடனே சாட்டையால் அடித்து விரட்டமாட்டார். வடம் இறுகும்வரை மெல்ல நடத்திப் பிறகே வேகங் கொடுப்பார். சால் பாதி நிரம்பியிருந்தால் அது மாட்டின் நடையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இன்று அவருக்குப் பதிலாக அளந்து பார்த்து ஓட்டும் வேலையை ஒரு பெட்டி செய்கின்றது. ஆனால் கிணற்றின் ஆழத்தையும், கோடையில் ஊறும் ஊற்றையும், பாய்ச்ச வேண்டிய பயிரையும் அறிந்து அதற்கு எல்லை வகுத்துக் கொடுக்கவேண்டியவர் குடியானவரே. வாங்குவதற்கு முன் கிணற்றின் நீர்மட்டம், பம்பின் தகட்டு விவரம், மோட்டார் ஓடும்போது வரும் வோல்டேஜ், இழுக்கும் ஆம்பியர் ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி, அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் காட்டி ஆலோசனை பெறுவது நலம். அந்த நான்கு எண்களும் கையிலிருந்தால், வேண்டாத பெட்டியை வாங்கி ஏமாறவும் இடமில்லை. வேண்டிய பெட்டியை வாங்காமல் குலை தள்ளிய வாழையைக் காயவிடவும் இடமில்லை.